பத்து மணிக்கு மேல் ஒரு புதிர்

கோவாவின் நடன இசையைப் பெட்டிக்குள் அடைக்கப் போன மூவருக்கு அந்த ஊர் கற்றுக்கொடுத்த பாடம்

அஞ்சுனாவில் இரவு 10 மணி ஆனதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவையில்லை. அதுவரை தென்னந்தோப்புகளுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த 'தும், தும்' ஒலி ஒவ்வொரு திசையாக அடங்கும். நாய்கள் குரைப்பது கேட்கும். பிறகு கடல் கேட்கும். கதவை அடைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரும் கிளப்புகள் உண்டு. விதியை மீறிவிட்டு மறுநாள் போலீஸுக்குப் பதில் சொல்லும் இடங்களும் உண்டு. ஆனால் திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு 10 மணிதான் எல்லை.

2024 பிப்ரவரியில் அப்படி ஒரு 10 மணிக்குப் பிறகு, வட கோவாவின் இந்தக் கிராமத்தில், ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்தில் ஏழு பேர் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பலகையின் மேல் ஏறியிருந்தார்கள். எதிரே நான்கடி நீளப் பெட்டி ஒன்றில் விளக்குகள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் துளியும் இல்லை. வழியே போன ஒருவர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

அது பிரார்த்தனை இல்லை, விளையாட்டு. நாங்கள் செய்த மின்னணுப் புதிர்.

நாங்கள் என்றால் மூன்று பேர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு எழுத வந்த நான், இசை நிகழ்ச்சிகளில் ஒலியமைப்பாளராக வேலை செய்யும் தோழி, மரவேலை தெரிந்த நண்பர். விடுதியின் உரிமையாளர் பழைய கோவா இசையை நினைவுகூர இரண்டு நாள் சிறு கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். "வருகிறவர்கள் ஆடினால் மட்டும் போதாது. கையில் தொட்டு விளையாட ஏதாவது வேண்டும்" என்றார். மூன்று மாதம் பெங்களூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை மேஜைதான் பட்டறை. சதர் பத்ரப்பா சாலையின் குறுகிய கடைகளில் (ஊருக்கே அது எஸ்.பி. ரோடு) பட்டன்களும் விளக்குச் சரங்களும் வாங்கி, சால்டரிங் புகையைச் சுவாசித்து, கடைசியில் பெட்டியைப் போர்வையில் சுற்றி மாப்புசா போகும் இரவுப் பேருந்தில் ஏற்றினோம்.

நடன அரங்குக்கும் மின்னணுப் புதிருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பழைய உறவுதான். நான்கு வண்ணப் பட்டன்கள் ஒளிரும் வரிசையை நினைவில் வைத்துத் திரும்ப அழுத்த வேண்டிய 'சைமன்' என்ற விளையாட்டு 1978இல் வெளியானது. அதன் அறிமுக விழா நடந்த இடம் பொம்மைக் கடை அல்ல. நியூயார்க்கின் புகழ்பெற்ற டிஸ்கோவான ஸ்டுடியோ 54. அதை உருவாக்கியவர்கள் வீடியோ கேம்களின் தந்தை என்று அழைக்கப்படும் ரால்ஃப் பேரும் ஹோவர்ட் மாரிசனும். நான்கு பட்டன்களுக்கும் எந்த வரிசையில் அழுத்தினாலும் காதுக்கு இனிமையாக இருக்கும் நான்கு சுரங்கள் தேவைப்பட்டன. ராணுவத்தில் ஊதும் பியூகிள் எக்காளத்தின் சுரங்களை எடுத்துக்கொண்டார் பேர்.

ஆனால் சைமன் ஒருவர் நினைவாற்றலுக்கு வைக்கும் பரீட்சை. எங்களுக்குப் பலர் சேர்ந்தால் மட்டுமே அவிழும் புதிர் தேவைப்பட்டது. நடன இசை விழா என்பதே அதுதானே? முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஒரே தாளத்துக்கு வந்து சேர்வது.

அந்தக் கூடல் கோவாவுக்கு வந்த கதை தெரிந்ததே. 1961இல் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுபட்ட இந்தக் கடற்கரைக்கு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஹிப்பிகள் வந்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்து, பின்னாளில் 'கோவா கில்' என்று உலகம் அறிந்த இசைக்கலைஞர் இங்கேயே தங்கி, 2023 அக்டோபரில் மறைந்தார். கிடாரும் ராக் பாட்டுமாக இருந்த பௌர்ணமி இரவுகள் 1980களில் மின்னணு இசைக்கு மாறின. வெயிலுக்கும் புழுதிக்கும் கிராமஃபோன் தட்டுகள் தாங்காது என்பதால் டிஸ்க் ஜாக்கிகள் கேசட்டிலும் பிறகு டிஜிட்டல் நாடாவிலும் இசையைக் கொண்டுவந்தார்கள். அஞ்சுனாவின் மூங்கில் காடும் பக்கத்து வாகத்தோரின் டிஸ்கோ பள்ளத்தாக்கும் ஐரோப்பிய இளைஞர்களின் வாயில் புழங்கும் பெயர்கள் ஆயின. 1990களில் 'கோவா டிரான்ஸ்' என்ற இசை வகையே உருவாகி, இந்த ஊரின் பெயரை இஸ்ரேல் முதல் ஜப்பான் வரை கொண்டுபோனது.

கூடவே போதைப்பொருளும் வந்தது. கெட்ட பெயரும் வந்தது. ஊர்க்காரர்கள் தூக்கத்தை இழந்தார்கள். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இல் நாடு முழுவதற்கும் வந்தபோது, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளுக்குத் தடை விழுந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. விடிய விடிய ஆடிய திறந்தவெளி இரவுகளின் காலம் மெல்ல முடிந்தது. 2007இல் காண்டோலிம் கடற்கரையில் 'சன்பர்ன்' விழா தொடங்கியபோது நடன இசை நுழைவுச்சீட்டும் விளம்பரப் பலகையும் உள்ள தொழிலாகியிருந்தது.

இந்த வரலாற்றில் பலர் அறியாத இந்தியர் ஒருவர் உண்டு. மும்பை இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங். 1982இல் அவர் மூன்று ஜப்பானிய ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து 1987இல் சிகாகோ இளைஞர்கள் அதே டி.பி. 303 என்ற கருவியை முறுக்கி எடுத்த ஒலியை உலகம் 'ஆசிட் ஹவுஸ்' என்று கொண்டாடியது. சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பானபோதுதான் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கேட்டு ரசிகர்கள் திகைத்தார்கள். 2015இல் அவர் காலமானார்.

அவர் பயன்படுத்திய இன்னொரு கருவியான டி.ஆர். 808தான் எங்கள் புதிரின் முன்மாதிரி. 1980இல் வந்த அந்தத் தாளப்பெட்டியின் அடியில் 16 பட்டன்கள் ஒரே வரிசையில் இருக்கும். சிவப்பில் நான்கு, ஆரஞ்சில் நான்கு, மஞ்சளில் நான்கு, வெள்ளையில் நான்கு. நாலு தட்டுக்கு ஒரு சுற்று. ஒரு தட்டுக்கு நாலு படி. எந்தப் படியில் பட்டனைப் போடுகிறோமோ அங்கே அடி விழும். 1, 5, 9, 13 என்று போட்டால் நடன இசையின் உயிர்நாடியான அந்தச் சீரான 'தும், தும்' கிடைத்துவிடும்.

எங்கள் பெட்டியிலும் 16 பட்டன்கள். மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அந்த நான்கு அடிகளைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். இரண்டாவதில் இரண்டு குமிழ்களைத் திருகி, ஒலியைச் சரியான நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவதில் கைகோக்க வேண்டும். பெட்டியின் இருபுறமும் 12 அடி இடைவெளியில் இரண்டு கம்பங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு செப்புத் தகடு. ஒரு மனிதர் கையை விரித்தால் ஐந்தரை அடி, ஆறடிதான் வரும். ஆகவே குறைந்தது மூன்று பேர் கைகோத்தால்தான் மின்சுற்று மூடும். அமெரிக்க நடன விழாக்களில் 'அமைதி, அன்பு, ஒற்றுமை, மரியாதை' என்று சொல்லி, கையோடு கை சேர்த்து மணிக் காப்புகளை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதிலிருந்து எடுத்த யோசனை இது.

மனித உடம்பில் மின்சாரமா என்று விடுதி உரிமையாளர் பதறினார். பேட்டரியின் 5 வோல்ட்தான். நடுவே 10 லட்சம் ஓம் தடை. அதிகபட்சம் ஓடக்கூடியது ஓர் ஆம்பியரில் 10 லட்சத்தில் 5 பங்கு. எறும்புக்குக் கூட உறைக்காது.

முதல் நாள் மாலை 7 மணிக்குப் பெட்டியைத் திறந்து வைத்தோம். எட்டரைக்குள் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

முதலில் தொழில்நுட்பத் தோல்விகள். சரத்தில் இருந்தவை 60 விளக்குகள். ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆக மொத்தம் 3.6 ஆம்பியர். எங்கள் பவர் பேங்க் தரக்கூடியதோ 2 ஆம்பியர். வண்ண விளக்குகள் ஓடும்வரை சிக்கல் இல்லை. யாராவது மூன்று கட்டத்தையும் முடித்து, வெற்றியின் அடையாளமாக அத்தனை விளக்கும் வெள்ளையாய்ப் பளிச்சிடும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்தது. மைக்ரோகன்ட்ரோலர் மயங்கி விழுந்து மறுபடி எழுந்தது. புதிர் முதல் கட்டத்துக்குத் திரும்பியது. ஜெயித்தவருக்குத் தோல்வியைப் பரிசளிக்கும் புதிர்! பெங்களூரில் சுவரில் செருகிய அடாப்டரில் சோதித்ததால் இது தெரியவே இல்லை.

அடுத்தது கடல். இரவு ஈரமும் உப்பும் பெட்டிக்குள் இருந்த மரப்பலகையில் படிந்து, கம்பங்களிலிருந்து வரும் இரண்டு ஒயர்களின் முனைகளுக்கு நடுவே பாலம் போட்டுவிட்டன. யாருமே கைகோக்காதபோதும் பெட்டி 'கைகோத்துவிட்டார்கள்' என்று நம்பியது.

இவற்றைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது வேறொன்று. புதிரை முதலில் தொட்ட டிஸ்க் ஜாக்கி ஒருவர் பட்டன்களின் நிறத்தைப் பார்த்ததுமே 808 என்று கண்டுகொண்டார். இரண்டு நிமிடத்தில் முதல் இரண்டு கட்டத்தையும் முடித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைப் பையன்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பெட்டிக்குப் பெஞ்சு போட்டுக்கொடுத்த உள்ளூர்த் தச்சர் எல்லோரும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நாங்கள் வைத்த குறிப்புகள் எல்லாம் ஏற்கெனவே விடை தெரிந்தவர்களுக்கான குறிப்புகள்.

10 மணிக்கு உரிமையாளர் வந்து ஒலியை நிறுத்தச் சொன்னார். பெட்டிக்குள் இருந்தது சின்ன ஸ்பீக்கர்தான். "பக்கத்து வீட்டில் வயதானவர் இருக்கிறார். அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார் அவர். ஸ்பீக்கரை அணைத்ததும் புதிர் செத்துப்போனது. காதை நம்பிச் செய்த பெட்டிக்கு மௌனத்தில் ஒரு வேலையும் இல்லை.

விடுதியின் சமையல்காரரின் தாய் அப்போது முற்றத்தின் ஓரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். 1980களில் பார்ட்டி நடக்கும் இடங்களில் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, விடிய விடிய டீயும் ஆம்லெட்டும் விற்ற பெண்களில் ஒருவர். இந்த ஊரின் பார்ட்டிகளைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பாய்க் கடைகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவார்கள்.

"அந்தக் காலத்தில் நல்ல வருமானம் இல்லையா, ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"இருந்தது பாபா. அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினேன்" என்றார், கொங்கணி கலந்த இந்தியில். "பாய் விரித்தவர்களுக்குப் பணம் வந்தது. விரிக்காதவர்களுக்கு? அவர்களும்தானே ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டிருந்தார்கள்?"

அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் படுக்கப் போனோம். கோவா இசையைக் கொண்டாடுகிறோம் என்று வந்துவிட்டு, கோவாக்காரர்கள் நுழைய முடியாத ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தோம்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. விளக்கின் பிரகாசத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கூடவே பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தோம். ஒயர் முனைகளை மரத்திலிருந்து எடுத்து, தனித்தனி பீங்கான் ஓடுகளில் பொருத்தினோம். பிறகு ஸ்பீக்கரையே கழற்றி வைத்தோம்.

ஒலிக்குப் பதில் அதிர்வு. பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: அந்தத் 'தும், தும்' காதைவிட உள்ளங்காலிலும் நெஞ்சிலும்தான் முதலில் விழும். கேம் கன்ட்ரோலருக்குள் இருப்பதுபோன்ற அதிர்வு மோட்டார்கள் சிலவற்றை மாப்புசாவில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வாங்கி, ஒரு பலகையின் அடியில் பொருத்தினோம். வெறும் காலோடு ஏறி நின்றால் தாளம் காலில் தெரியும். சோதித்தபோது தாளம் பின்னால் இழுத்தது. தோழிதான் கணக்குப் போட்டாள். எங்கள் வேகம் நிமிடத்துக்கு 140 தட்டு. ஒரு தட்டுக்கு 0.43 விநாடி. அதில் நாலில் ஒரு பங்கான ஒரு படிக்கு 0.107 விநாடி. மோட்டார் வேகம் பிடிக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரமாகிறது. ஆகவே அடி சரியாக ஒரு படி தள்ளி விழுகிறது. மோட்டாருக்கு ஒரு படி முன்னதாகவே உத்தரவு கொடுத்தோம். காலும் விளக்கும் ஒன்றாயின.

இரண்டாம் கட்டத்துக்கு விடை தந்தவர் அந்தத் தச்சர். குமிழ்களைத் திருகிப் பார்த்து, "இது என்ன செய்கிறது?" என்றார். ஒலியின் கூர்மையான பகுதியை மறைத்தும் திறந்தும் காட்டும் ஃபில்டர் என்று விளக்கினோம். டி.பி. 303இன் அந்த அழுது முறுகும் ஒலிக்கு இதுதான் காரணம் என்றோம். "ஓ, கூமட்டில் இடது கை செய்கிற வேலை" என்றார் அவர்.

கூமட் கோவாவின் மண்பானைத் தாளவாத்தியம். இரண்டு பக்கமும் வாய் உண்டு. பெரிய வாயில் தோல். முன்பு உடும்புத் தோல், அது சட்டப்படி தடையானபின் ஆட்டுத் தோல். வலது கை தோலில் தட்ட, இடது கை மறுபக்கத்துச் சிறிய வாயை மூடியும் திறந்தும் நாதத்தை மாற்றும். விநாயகர் சதுர்த்தி ஆரத்திகளில் அது இல்லாமல் முடியாது. 2019இல் அதை மாநிலத்தின் பாரம்பரிய வாத்தியமாக அரசு அறிவித்தது. எங்கள் குமிழ்களுக்கு மேலே எழுதியிருந்த ஆங்கிலக் குறிப்பை அழித்துவிட்டு, வாயை உள்ளங்கை பாதி மூடிய ஒரு கூமட்டின் படத்தை ஒட்டினோம். குமிழைத் திருகினால் விளக்கொளி மூடித் திறந்தது. படத்தில் உள்ள அளவுக்கு மூட வேண்டும். விடை அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டத்தை மட்டும் மாற்றவில்லை. அதுதான் எங்கள் பெருமை. நடன இசையில் வேகம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், திடீரென்று தாளம் நின்றுவிடும். அந்த வெறுமையில் கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்கும். பிறகு அடி திரும்ப விழும்போதுதான் கூச்சல். புதிரிலும் அதே. கைகோத்ததும் விளக்குகள் வேகமெடுத்து, ஒவ்வொன்றாக அணைந்து, பெட்டி முழுக்க இருளும். அப்போது கையை விட்டுவிட வேண்டும். 32 தட்டுகள், அதாவது சுமார் 14 விநாடி, யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டால் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் நாள் இரவு 10 மணிக்கு ஊர் அடங்கியபின் ஏழு பேர் பலகையில் ஏறினார்கள். சமையலறைப் பையன்கள் இருவர், பக்கத்து வீட்டுச் சிறுமி, அவள் தந்தை, தச்சர், டெல்லியிலிருந்து வந்த ஒரு தம்பதி. ஐந்து நிமிடத்தில் சிறுமி காலால் எண்ணி நான்கு பட்டன்களைப் போட்டாள். தச்சர் அலட்சியமாகக் குமிழ்களைத் திருகினார். கைகோத்தார்கள். விளக்குகள் ஓடின, அணைந்தன.

உடனே எல்லோரும் பெட்டி மேல் பாய்ந்தார்கள். பட்டன்களை அழுத்தினார்கள். புதிர் பின்னால் போனது. மறுபடி செய்தார்கள், மறுபடி போனது. மூன்றாவது முறை டெல்லிக்காரர் என்னிடம், "சார், இது ரிப்பேர்" என்றார். நான்காவது, ஐந்தாவது முறையும் அப்படியே. பதினோரு மணி தாண்டியது. குறிப்புக் கொடுத்துவிடலாமா என்று தோழி கண்ணால் கேட்டாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டிக்குத்தான் பொறுமை போனது. "விளக்குப் போனால் ஏன் இப்படிப் பறக்கிறீர்கள்? கையை எடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள், வரும்" என்று அதட்டினார். நின்றார்கள். ஐந்து விநாடி. பத்து விநாடி. சிறுமி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். காலடியில் மெல்ல அதிர்வு திரும்பியது. 60 விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. 'க்ளக்' என்று தாழ்ப்பாள் விலகி, பெட்டியின் பக்கவாட்டு அறை திறந்தது. ஏழு பேரும் கத்த வாயெடுத்து, மணியை நினைத்து, சத்தமில்லாமல் கையை மட்டும் ஆட்டினார்கள்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பார்ட்டியில் ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோகும் பாபா. புதிதாக வந்தவர்கள் கத்துவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சும்மா மணலில் உட்காருவார்கள். எனக்கு அப்போதுதான் டீ விற்கும்."

பெட்டிக்குள் இருந்தவை பாசிமணிகளும் நூலும். ஒரு காப்பை எடுத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்காக ஒன்று கோத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "இதற்காகவா இவ்வளவு பாடு?" என்றார். சிறுமி அவர் மணிக்கட்டில் ஒன்றைக் கட்டிவிட்டாள். அவர் கழற்றவில்லை.

பெட்டி இப்போது அந்த விடுதியில் இருக்கிறது. உப்புக் காற்றில் இரண்டு பட்டன்கள் துருப்பிடித்துவிட்டன என்று சேதி வந்தது; மாற்றப் போக வேண்டும். ஸ்பீக்கர் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. திரும்பப் பொருத்தும் எண்ணம் இல்லை.

கிளம்பும் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேற்று இரவு எங்களால் ஏதும் தொந்தரவு உண்டா என்று கேட்டோம்.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏன், நேற்று ஏதாவது நடந்ததா?"